'திடீர்' என்ற சொல்லுக்கு எதிராக: நாவல் திருத்தமும் முன்குறிப்பும்



சாதி வன்முறை நடந்த மறுநாள் செய்திகளில் 'திடீர் மோதல்' என்ற சொல் வந்துவிடும். நாம் எழுதும் நாவல்களின் முதல் பிரதியிலும் பல நேரம் இதே குறை இருக்கிறது. இருநூறு பக்கம் ஊர் அமைதியாக இருக்கிறது. அடுத்த பக்கத்தில் சேரி எரிகிறது. வாசகர் அதிர்கிறார், காரணம் மட்டும் பிடிபடுவதில்லை. பின்னால் வரப்போவதன் தடயத்தை முன்பே வைப்பதை முன்குறிப்பு என்கிறோம். நமக்கு அது அலங்காரம் அல்ல, 'திடீர்' என்ற பொய்க்கு மறுப்பு.

நம் மேலூருக்குப் பக்கத்திலுள்ள மேலவளவை எடுத்துக்கொள்வோம். 1996இல் அந்த ஊராட்சித் தலைவர் பதவி ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலால் வேட்புமனுக்கள் திரும்பப் பெறப்பட்டன, தேர்தல் நின்றது. வீடுகள் எரிக்கப்பட்டன. டிசம்பரில் நடந்த வாக்குப்பதிவில் வாக்குப்பெட்டிகளைத் தூக்கிச் சென்றார்கள். பிறகு போலீஸ் பாதுகாப்போடு நடந்த தேர்தலில் முருகேசன் வென்றார். 1997 ஜூன் 30 அன்று, எரிந்த வீடுகளுக்கான இழப்பீடு குறித்துக் கேட்க மதுரை ஆட்சியர் அலுவலகம் சென்று பேருந்தில் திரும்பியபோது, அவரும் மேலும் ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மாதங்களுக்கு முன் எரிந்த வீடுகள்தான் அன்றைய பயணத்துக்கே காரணம். இதில் எது திடீர்?

முன்குறிப்பு தமிழுக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் தீக்கனவு காண்கிறாள், கோப்பெருந்தேவியும் காண்கிறாள். மதுரை எரியப்போவது முன்பே உணர்த்தப்படுகிறது. ஆனால் அங்கே நடத்துவது ஊழ். நம் கதைகளில் நடத்துபவர்கள் மனிதர்கள். ஆகவே நம் முன்குறிப்பு சகுனமாக இருக்கக் கூடாது, சாட்சியமாக இருக்க வேண்டும். கொலைக்கு முந்தைய இரவு ஆந்தை அலறியது என்று எழுதினால் பழி விதியின் மேல் போய்விடும். கொடுத்த புகாருக்கு ரசீது தரவில்லை என்று எழுதினால் அது உரியவர் மேல் நிற்கும்.

சாட்சியம் வெளியாருக்கு எதிராக மட்டும் அல்ல. ப. சிவகாமியின் 'பழையன கழிதலும்' நாவலில், ஆதிக்கச் சாதியினரிடம் அடிபட்ட தங்கம், தலித் தலைவர் காத்தமுத்துவிடம் நியாயம் தேடி வருகிறாள். அவருக்கு ஏற்கெனவே இரண்டு மனைவியர். முதலில் இது வெறும் குடும்ப விவரம். தங்கமும் பின்னர் அவருடைய பிடிக்குள் வரும்போது, அந்த விவரம் எதற்காக இருந்தது என்று விளங்குகிறது. இதே நாவலைத் தானே கேள்வி கேட்டு சிவகாமி 'ஆசிரியர் குறிப்பு' எழுதினார். திருத்தம் என்பது சொல்லை மெருகேற்றுவதோடு நிற்பதில்லை, எழுதியதை மறுவிசாரணை செய்வது என்பதற்கு இது நல்ல சான்று.

முதல் பிரதியிலேயே இதைத் திட்டமிட வேண்டியதில்லை. முடிவு உங்களுக்கே தெரிந்த பிறகு, கடைசி அத்தியாயத்திலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். இது நடக்க யார் எதை முன்பே செய்தார்கள், யார் பார்த்தும் பேசாமல் இருந்தார்கள் என்று தாளில் குறியுங்கள். அவற்றில் இரண்டு மூன்றை முன் அத்தியாயங்களில் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் அந்த இடத்தில் சொந்த வேலை இருக்கட்டும்: மனு எழுதும் காட்சி மனுவைப் பற்றியதாகவே இருக்கட்டும். 'வரப்போவது அன்று அவனுக்குத் தெரியாது' போன்ற வரிகளை அடித்துவிடுங்கள். பிறகு, முடிவு தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். பாதியிலேயே எல்லாம் ஊகித்தால் ஒரு தடயத்தைக் குறையுங்கள். முடிவில் 'இது எங்கிருந்து வந்தது' என்று கேட்டால் ஒன்றைச் சேருங்கள்.

உண்மையறியும் குழுக்களில் வேலை செய்யும் தோழர்களுக்கு இது பழக்கமான வேலைதான். சம்பவ நாளோடு நீங்கள் நிறுத்துவதில்லை. முந்தைய மனுவை, முந்தைய மிரட்டலைத் தேடுகிறீர்கள். நாவலாசிரியரும் அதையே செய்ய வேண்டும். படித்து முடித்தவர் முதல் பக்கங்களுக்குத் திரும்பிப் போய், "இவ்வளவும் அப்போதே தெரிந்திருக்கிறதே, தடுக்க வேண்டியவர்கள் ஏன் தடுக்கவில்லை?" என்று கேட்க வேண்டும்.

ஜெய் பீம்.