'அப்பா மாதிரி'

'அவர் எனக்கு அப்பா மாதிரி.' வளர்ந்த பெண்கள் உள்ள வீடுகளில் அவ்வப்போது காதில் விழும் வாக்கியம் இது. அந்த 'அவர்' பாட்டு வாத்தியாராக இருக்கலாம், டியூஷன் மாஸ்டராக இருக்கலாம், அலுவலக மேலதிகாரியாகவோ மாடி வீட்டுப் பெரியவராகவோ இருக்கலாம். இதைக் கேட்கும் பெற்றோரில் சிலர், 'ஊர் விட்டு ஊர் வந்த இடத்தில் நல்ல மனிதர் ஒருவர் கிடைத்தாரே' என்று நிம்மதி அடைகிறார்கள். சிலர் 'இது எங்கே போய் முடியுமோ' என்று கலங்கி, பெண்ணைக் கண்டிக்கத் தொடங்குகிறார்கள். நிம்மதியோ கண்டிப்போ, இரண்டுக்கும் முன்னால் அந்தப் பெண்ணின் மனத்தில் நடப்பது என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது.

தேடல் எங்கே தொடங்குகிறது?

ஒரு பெண் குழந்தை முதன்முதலில் நெருங்கிப் பழகும் ஆண், பெரும்பாலும் அவளுடைய தகப்பனார்தான். தன் பேச்சை ஓர் ஆண் மதித்துக் கேட்பான், தவறு செய்தாலும் தன்னை ஒதுக்கமாட்டான், தன்னிடம் எதையும் எதிர்பார்க்காமல் அன்பு காட்டுவான் என்ற நம்பிக்கையை அவள் அவரிடம்தான் பெறுகிறாள். அது போதிய அளவு கிடைக்காதபோது மனம் வேறிடத்தில் தேடுகிறது. மரணம், பிரிவு, குடிப்பழக்கம், ஓயாத வேலை, வீட்டிலேயே இருந்தும் பேசாத சுபாவம் என்று காரணங்கள் பல. ஆனால் தேடுவது பசியைப் போல இயல்பானது. அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

மனோதத்துவ அறிஞர்கள் இதைப் பற்றி நூறு ஆண்டுகளுக்கும் மேலாக எழுதி வருகிறார்கள். தந்தைமேல் மகளுக்கு உள்ள ஆழ்ந்த பற்றுக்கு, கிரேக்கக் கதையில் வரும் எலெக்ட்ராவின் பெயரை 1913-ல் சூட்டியவர் கார்ல் யுங். ஃபிராய்டு அந்தப் பெயரை ஏற்கவில்லை. பெயர் நிலைத்துவிட்டது, அதனுடன் 'தகப்பன் இல்லாத பெண் வயதானவரைத்தான் நாடுவாள்' என்ற ஒரு மேம்போக்கான முடிவும் பலர் மனத்தில் நிலைத்துவிட்டது. அது சரியல்ல.

எந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள்?

அமெரிக்க உளவியலாளர் மேவிஸ் ஹெதரிங்டன் 1972-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அதில் கலந்துகொண்டவர்கள் 13 முதல் 17 வயது வரையிலான 72 பெண்கள். 24 பேர் பெற்றோர் இருவருடனும் வாழ்பவர்கள். 24 பேரின் பெற்றோர் விவாகரத்து ஆனவர்கள். 24 பேர் தந்தையை மரணத்தில் இழந்தவர்கள். பேட்டி காணும் அறையில் அவர்கள் எங்கே உட்காருகிறார்கள் என்பதும் கவனிக்கப்பட்டது. பேட்டி காண்பவர் ஆணாக இருந்தபோது, விவாகரத்தான வீட்டுப் பெண்கள் அவருக்கு மிக அருகிலுள்ள நாற்காலியை நாடினார்கள். தந்தையை இழந்த பெண்களோ தள்ளிப் போய் உட்கார்ந்து, அதிகம் பேசாமல் இறுக்கமாக இருந்தார்கள். பேட்டி காண்பவர் பெண்ணாக இருந்தபோது இந்த வேறுபாடு தென்படவில்லை.

ஒரு நாட்டில், சிறு எண்ணிக்கையில் நடந்த ஆய்வு இது. இதை வைத்து எல்லாப் பெண்களையும் அளக்க முடியாது. ஆனாலும் ஒன்றைக் காட்டுகிறது. ஒரே குறை ஒரு பெண்ணை ஆண்களை நோக்கி நகர்த்தலாம். மற்றொருத்தியை அவர்களிடமிருந்து விலக்கவும் செய்யலாம். நெருங்கிப் பழகுகிறவள் கெட்டவளும் அல்ல. ஒதுங்கி நிற்கிறவளுக்குக் குறையே இல்லை என்பதும் அல்ல.

விலாசம் மாறிய கடிதம்

வியன்னா நகரில் பெர்த்தா பாப்பன்ஹைம் என்ற பெண் இருந்தார். 1880-ல் அவருடைய தந்தை நோயில் விழுந்தபோது அவருக்கு வயது 21. இரவெல்லாம் கண்விழித்துத் தந்தைக்குப் பணிவிடை செய்தவர், தாமே நோயாளியானார். கை கால் மரத்தது, பேச்சுக் குழறியது. சிகிச்சைக்கு வந்தவர் யோசெஃப் பிராயர் என்ற மருத்துவர்; பெண்ணைவிட ஏறத்தாழ 17 வயது மூத்தவர். 1881 ஏப்ரலில் தந்தை இறந்தார். அதன்பின் வந்த நாட்களில் பெர்த்தா தவறாமல் அடையாளம் கண்டுகொண்ட ஒரே மனிதர் பிராயர். அவர் ஊட்டினால்தான் சாப்பிட்டார். 1882-ல் பிராயர் சிகிச்சையை முடித்துக்கொண்டார். பெண்ணோ குணமடையவில்லை, மருத்துவ நிலையத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று. 1895-ல் பிராயரும் ஃபிராய்டும் சேர்ந்து வெளியிட்ட நூலில், 'அன்னா ஓ' என்ற மாற்றுப் பெயரில் அவர் கதை இடம்பெற்றது.

இத்தகைய அனுபவங்களிலிருந்து ஃபிராய்டு கண்டுகொண்டதற்கு 'டிரான்ஸ்ஃபரன்ஸ்' என்று பெயர். ஒருவர்மேல் இருந்த உணர்வு இடம் மாறி இன்னொருவர்மேல் படிவது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். 1915-ல் எழுதிய கட்டுரையில் மருத்துவர்களுக்கு அவர் ஓர் எச்சரிக்கை விடுத்தார். சிகிச்சைக்கு வரும் பெண் காட்டும் அன்பைத் தன் சொந்தக் கவர்ச்சிக்குக் கிடைத்த வெற்றி என்று மருத்துவர் எண்ணிக்கொள்ளக் கூடாது. அதைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்ளவும் கூடாது. ஏளனம் செய்து விரட்டவும் கூடாது.

இது மருத்துவர்களுக்கு மட்டும் உரியதன்று. அந்த அன்பு விலாசம் மாறி வந்த கடிதம் போன்றது. மேலே நம் பெயர் எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது வேறொருவருக்கு எழுதியது. பெரியவர் என்று மதிக்கப்படும் எவரும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பெர்த்தாவின் கதை நோயோடு முடிந்துவிடவில்லை. 1888-ல் அவர் ஃபிராங்க்பர்ட் நகருக்குக் குடிபெயர்ந்தார். பெண் குழந்தைகளின் அநாதை இல்லம் ஒன்றைப் பல ஆண்டுகள் நடத்தினார். 1904-ல் ஜெர்மனியில் யூத மகளிர் சங்கத்தை நிறுவினார். 1907-ல், ஆபத்தில் சிக்கிய இளம் பெண்களுக்கும் மணமாகாத தாய்மார்களுக்கும் ஒரு புகலிடம் அமைத்தார். 1936-ல் மறைந்தார். 1954-ல் ஜெர்மனி அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது.

நம்பாமல் போன தந்தை

ஃபிராய்டின் இன்னொரு நூல் 1905-ல் வெளிவந்தது. அதில் 'டோரா' என்ற பெயரில் வரும் பெண்ணுக்கு, சிகிச்சைக்கு வந்தபோது வயது 18. அவள் தந்தைக்கு நெருங்கிய குடும்ப நண்பர் ஒருவர் இருந்தார். சிறு வயது முதலே அவளை உலாவ அழைத்துப் போவார், சிறு சிறு பரிசுகள் தருவார். அவருடைய குழந்தைகளை இவள் கவனித்துக்கொள்வாள். அவள் பருவம் எய்திய காலத்தில் அந்த மனிதரே அவளிடம் தகாத முறையில் நடந்துகொண்டார். அவள் பெற்றோரிடம் சொன்னாள். அவர் மறுத்தார். தந்தை நண்பரை நம்பினார்; மகள் கற்பனை செய்கிறாள் என்றார். நண்பரின் மனைவியோடு தந்தைக்கே உறவு இருந்தது என்பதும் அந்தக் கதையில் உண்டு.

நடந்ததை ஃபிராய்டு நம்பினார். ஆனாலும் அவளுக்கும் உள்ளூர அந்த மனிதர்மேல் காதல் இருந்தது என்று விளக்கம் சொல்லப் போனார். மூன்று மாதம் ஆகுமுன்பே அவள் சிகிச்சையை நிறுத்திவிட்டுப் போய்விட்டாள். அன்பைத் தேடினாள் என்பதாலேயே நடந்த குற்றத்தில் அவளுக்கும் பங்கு உண்டு என்று பேசுவது பெரும் அநியாயம். நூறாண்டு கழிந்தும் அந்தப் பேச்சு ஓயவில்லை.

சபர்மதிக்கு வந்த மகள்

நம் நாட்டிலேயே வேறுவிதமான உதாரணம் ஒன்று உண்டு. ஆங்கிலேயக் கடற்படை அதிகாரியின் மகள் மேடலின் ஸ்லேடு. தந்தை நெடுநாள் கடலில் இருக்க, பிள்ளைப் பருவத்தைத் தாத்தாவின் கிராமத்து வீட்டில் கழித்தவர். ரோமன் ரோலந்தின் மூலம் காந்தியடிகளைப் பற்றி அறிந்து, 1925 நவம்பரில் சபர்மதி வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு 33 வயது நிறையும் தருணம், காந்தியடிகளுக்கு 56. தம் முன் மண்டியிட்டவரைக் காந்தியடிகள் மகளாக ஏற்று, மீரா என்று பெயரும் வைத்தார்.

அதன்பின் காந்தியடிகள் செய்ததே கவனிக்க வேண்டியது. அந்த மகளைத் தம் அருகிலேயே இருத்திக்கொள்ளவில்லை. இந்தி கற்கவும் நூற்பு கற்பிக்கவும் டெல்லியிலும் பிற இடங்களிலும் இருந்த நிலையங்களுக்கு அனுப்பினார். தம்மைப் பற்றிக்கொள்ளாமல் பணியைப் பற்றிக்கொள்ளும்படி கடிதங்களில் திரும்பத் திரும்ப வற்புறுத்தினார். இது இருவருக்கும் எளிதாக இருக்கவில்லை. மீரா பென் பிரிவில் மிகவும் துன்புற்றார். ஆனால் 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகள் மறைந்தபோது, அவர் ரிஷிகேஷ் அருகே தாமே தொடங்கிய நிலையத்தில் தம் பணியில் இருந்தார். 1959 வரை இந்நாட்டில் வாழ்ந்தார். தந்தை ஸ்தானத்தில் நிற்பவரின் வேலை, பெண்ணைத் தம்மோடு கட்டிப்போடுவதன்று. அவள் தன் காலில் நிற்கும்படி செய்வது.

நம் வீடுகளில்

ஊரில் ஒரு பெண்ணுக்குத் தகப்பனார் இல்லாவிட்டாலும் பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், தாத்தா என்று நாலு பேர் இருப்பார்கள். அந்த ஒவ்வொரு பெயரிலும் ஓர் உரிமையும் ஒரு கடமையும் அடங்கியிருக்கிறது. ஒருவர் தவறினால் மற்றவர் கேட்பார். (ஊரிலும் தவறு நடப்பதுண்டு, உறவு என்பதே காப்பு ஆகிவிடாது.) டெல்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ இரண்டு அறைக் குடியிருப்பில் வாழும் நமக்கு இத்தனை பேருக்கும் பதிலாக இருப்பது 'அங்கிள்' என்ற ஒரே சொல். அதில் மரியாதை இருக்கிறது. கடமை இன்னதென்று இல்லை. தகப்பனாரோ விடிந்ததும் ரயிலைப் பிடித்து, பிள்ளைகள் சாப்பிட்ட பிறகு வீடு திரும்புகிறார். தேடல் வெளியே போவதில் வியப்பென்ன?

வெளியே கிடைக்கும் எல்லா உறவும் ஆபத்து என்று சொல்லவில்லை. நல்ல ஆசிரியரால் வாழ்வு பெற்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். நல்லதையும் தீயதையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. நல்ல பெரியவரின் பழக்கம் வீட்டாருக்குத் தெரிந்தே நடக்கும். பெண்ணுக்குப் புதுத் தோழிகள், புதுப் படிப்பு என்று அவள் உலகம் விரியும். மற்றவரின் பழக்கத்தில் ரகசியம் இருக்கும். 'வீட்டில் சொல்லாதே' என்பார். பெற்றோரைக் குறைத்துப் பேசுவார். தன் இல்லற வருத்தங்களை அவளிடம் கொட்டுவார். நள்ளிரவில் கைப்பேசியில் செய்தி அனுப்புவார். நாளடைவில் அவள் தோழிகளும் விலகிப் போவார்கள்.

வயது வந்த பெண் தன்னைவிட மிகவும் மூத்தவரை மணக்க விரும்புவதும் உண்டு. அது நோயல்ல, எல்லாவற்றுக்கும் தகப்பனாரைக் காரணம் காட்டவும் வேண்டாம். 'நீ அவரோடு மாறுபட்டுப் பேச முடிகிறதா? வேலையும் பணமும் உன் கையில் இருக்குமா?' என்று அவளிடம் பொறுமையாகக் கேட்கலாம். முடிவு அவளுடையது.

தகப்பன்மார்கள் செய்ய வேண்டியது பெரிய காரியமன்று. தினமும் கால் மணி நேரம், மதிப்பெண்ணைத் தவிர வேறு எதையாவது மகளுடன் பேசுங்கள். வீட்டு விஷயங்களில் அவள் அபிப்பிராயத்தையும் கேளுங்கள். பெண் வளர்ந்துவிட்டாள் என்று பேச்சைக் குறைத்துக்கொள்வது நம்மிடையே வழக்கம். அவளுக்கு நீங்கள் மிகவும் தேவைப்படும் காலம் அதுதான். தகப்பனார் இல்லாத வீடுகளில் அவரைப் பற்றிப் பேசாமல் மூடி வைக்க வேண்டாம். அவர் படம் சுவரில் இருக்கட்டும், அவர் கதைகள் சாப்பாட்டு வேளையில் வரட்டும். ஊரிலுள்ள மாமாவோ தாத்தாவோ வாரம் ஒருமுறை அவளுடனேயே தொலைபேசியில் பேசட்டும்.

மகள் ஒரு பெரியவரைப் பற்றித் தயங்கித் தயங்கி ஏதேனும் சொன்னால், முதலில் நம்புங்கள். 'நீ ஏன் அங்கே போனாய்?' என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டாம். 18 வயது நிறையாதவர்களைக் காக்க 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது. குற்றம் நடந்தது தெரிந்தவர்கள் அதைத் தெரிவிப்பது அச்சட்டப்படி கடமை. பணியிடத்தில் தொல்லைக்கு ஆளாகும் பெண்களுக்கு 2013-ஆம் ஆண்டின் சட்டம் உண்டு. ஆசிரியர், காப்பாளர் போன்று நம்பிக்கைக்குரிய நிலையில் இருந்துகொண்டு பெண்ணைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்குவதை, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா மேலும் கடுமையாகத் தண்டிக்கிறது. உதவிக்குக் குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 ஆகிய தொலைபேசி எண்கள் இருக்கின்றன.

நம் சங்க விழாக்களில் எத்தனையோ பெண்கள் நம்மை 'மாமா' என்றும் 'அங்கிள்' என்றும் அழைக்கிறார்கள். அவர்களில் எவளுக்கு வீட்டில் அப்பா இல்லை என்பது நமக்குத் தெரியாது. அந்த அழைப்பைக் கேட்கும்போது, அதற்குரிய கடமையையும் நாம் ஏற்றுக்கொள்வோம்.