சத்தம் ஏன் தாமதமாக வந்தது?

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்குச் சுற்றுலா வருபவர்கள் பகல் ஒரு மணிக்கு முன்பே மலைக்கோட்டையில் இடம் பிடித்துவிடுவார்கள். சீருடை அணிந்த ராணுவ வீரர் மிடுக்காக நடந்து வந்து பீரங்கியின் அருகே நிற்பார். மணி சரியாக ஒன்று அடிக்கும் நேரத்தில், டமார்! குண்டு எதுவும் பாயாது. வெறும் மருந்துதான் வெடிக்கிறது. ஆனாலும் முதன்முறை கேட்பவர்கள் துள்ளிக் குதிப்பார்கள். ஞாயிறு, புனித வெள்ளி, கிறிஸ்துமஸ் தவிர மற்ற நாள்களில் எல்லாம் இந்தச் சடங்கு நடக்கிறது.

1861-இல் இதைத் தொடங்கியது வேடிக்கைக்காக அல்ல, கப்பல்களுக்காக. நடுக்கடலில் கிழக்கு மேற்காக எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று கணக்கிட, மாலுமிகளுக்குத் துல்லியமான கடிகாரம் தேவைப்பட்டது. பூமி சுழன்றுகொண்டே இருக்கிறதே! கடிகாரம் 4 விநாடி பிசகினால் போதும், நிலநடுக்கோட்டுப் பகுதியில் கணக்கு கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் தள்ளிப்போகும். இருட்டில் பாறை எந்தப் பக்கம் இருக்கிறது என்று அப்புறம் எப்படித் தெரியும்?

அதற்கு முன்பு, கால்டன் குன்றில் உள்ள நெல்சன் கோபுரத்தின் உச்சியில் ஒரு பெரிய உருண்டையை ஏற்றி, ஒரு மணிக்குக் கீழே விழவைப்பார்கள். லீத் துறைமுகத்து மாலுமிகள் தொலைநோக்கியில் அதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்வார்கள். கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்தால் உருண்டை எங்கே தெரியும்? அதனால்தான் பீரங்கி வந்தது. வானியலாளர் சார்லஸ் பியாட்சி ஸ்மித்தின் ஆய்வகம் அதே குன்றில் இருந்தது. அங்கிருந்த கடிகாரத்திலிருந்து கோட்டைக்கு ஒரு கிலோமீட்டருக்கும் நீளமான கம்பி இழுத்து, மின்சாரத்தால் பீரங்கியை வெடிக்கவைத்தார்கள்.

பனி தடுக்காத ஒலிக்கும் ஒரு குறை உண்டு. ஒளி விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் பாயும். ஒலியோ காற்றில் ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். சுமார் 3 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் லீத்துக்கு வெடிச்சத்தம் வந்து சேர 9 விநாடி ஆகும். மேலே போட்ட கணக்குப்படி அது 4 கிலோமீட்டருக்கும் அதிகமான பிழை!

அதற்காக ஒரு வரைபடம் அச்சிட்டார்கள். கோட்டையை மையமாக வைத்து, வட்டத்துக்கு வெளியே வட்டமாக வரைந்து, எந்த இடத்துக்குச் சத்தம் எத்தனை விநாடி தாமதமாக வரும் என்று அதில் குறித்தார்கள். எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்தது அந்த வரைபடம்தான். ஒலியின் வேகத்தை அறிந்தவர்கள் தாமதத்தையே ஒரு கருவியாக மாற்றிவிட்டார்கள்.

காற்று குளிர்ந்தால் ஒலியின் வேகம் குறையும். 0 பாகை செல்சியஸில் விநாடிக்கு 331 மீட்டர், 20 பாகையில் 343 மீட்டர். லீத் வரைக்கும் பார்த்தால் அரை விநாடிகூட மாறாது.

அந்த ஊருக்குப் போனால், ஒரு நாள் கோட்டையை விட்டுவிட்டுக் கால்டன் குன்றில் ஏறி நில்லுங்கள். முதலில் புகை தெரியும். மூன்றரை விநாடி கழித்துத்தான் சத்தம் கேட்கும். நம் ஊரில் இடி மின்னலின்போது வீட்டுக்குள் இருந்தபடியே இதைச் செய்து பார்க்கலாம். மின்னல் தெரிந்ததும் விநாடிகளை எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்டதும் நிறுத்தி, மூன்றால் வகுத்தால், மின்னல் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் வெட்டியது என்று தெரிந்துவிடும்.