மூன்று மூடிகள்

"குடும்பப் பத்திரிகையில் பீரைப் பற்றிக் கட்டுரையா?" என்று பக்கத்தைப் புரட்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்! குடி ஒரு வீட்டை என்ன பாடு படுத்தும் என்பதை நம் வாசகிகளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கட்டுரை உங்களைக் குடிக்கச் சொல்லவில்லை. குடிக்கிறவர்களை மெச்சவும் இல்லை. ஒரு சின்னக் கிராமத்துத் துறவிகள் சிலர் தங்கள் கையால் காய்ச்சும் மூன்று தினுசுப் பானங்களைப் பற்றியும், உலகமே அவர்கள் வாசலில் வந்து நின்றபோது அவர்கள் சொன்ன ஒரே ஒரு வார்த்தையைப் பற்றியும் சொல்லப் போகிறோம். அந்த வார்த்தைக்காகவாவது படியுங்கள்.

துறவிக்கு ஏன் இந்தத் தொழில்?

பெல்ஜியம் தேசத்தின் மேற்குக் கோடியில், பிரான்ஸ் எல்லைக்குப் பக்கத்தில், வெஸ்ட்ஃப்ளேட்டரன் என்று ஒரு கிராமம். அங்கே காட்டில் தனியாக வாழ்ந்துவந்த ஒரு சந்நியாசியோடு, 1831-ம் வருஷம் பிரான்ஸிலிருந்து சில துறவிகள் வந்து சேர்ந்தார்கள். அப்படி உண்டானதுதான் புனித சிக்ஸ்டஸ் மடம். இவர்கள் 'டிராப்பிஸ்ட்' என்ற பிரிவைச் சேர்ந்தவர்கள். ஜபம், மௌனம், உழைப்பு - இவைதாம் இவர்களுடைய வாழ்க்கை. தன் கை உழைப்பால் வாழ்கிறவனே உண்மையான துறவி என்பது இவர்கள் கடைப்பிடிக்கும் புனித பெனடிக்டின் விதி.

பிழைப்புக்கு ஒரு தொழில் வேண்டுமே? சில மடங்கள் பாலாடைக் கட்டி செய்தன. இவர்கள் 1830-களின் கடைசியில் பீர் காய்ச்ச ஆரம்பித்தார்கள். குளிர் மிகுந்த அந்தப் பிரதேசத்தில் அது அன்றாடச் சாப்பாட்டோடு சேர்ந்த பானம். முதல் உலக யுத்தத்தில் ஜெர்மானியர் பெல்ஜியத்தின் பெரும் பகுதியைப் பிடித்துக்கொண்டு, கண்ட இடத்துச் செம்புப் பாத்திரங்களை எல்லாம் உருக்கக் கொண்டுபோனார்கள். இந்த மூலை மட்டும் அவர்கள் கையில் சிக்கவில்லை. மடத்தின் செம்புக் கொப்பரை தப்பியது!

நம் அடுக்களை வழியாக...

பீர் காய்ச்சுவது ஏதோ ரசாயன வித்தை என்று நினைக்காதீர்கள். பாதி வேலை உங்களுக்குத் தெரிந்ததே. குழந்தையின் கஞ்சிக்குக் கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி அரைக்கிறீர்கள் அல்லவா? பார்லியை அப்படிச் செய்தால் அதுதான் 'மால்ட்'. அதை உடைத்து வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் மாவுச் சத்து சர்க்கரையாக மாறும். வடிகட்டிய சாற்றை 'ஹாப்ஸ்' சேர்த்துக் கொதிக்க வைத்து, ஆறிய பிறகு ஈஸ்ட் கலந்தால் இட்லி மாவு பொங்குவதுபோல் பொங்கி வரும். அந்த ஈஸ்டை இந்த மடத்தார் வெஸ்ட்மாலே என்ற இன்னொரு டிராப்பிஸ்ட் மடத்திலிருந்து வாங்கி வருகிறார்கள். அண்டை வீட்டில் உறை மோர் வாங்குகிற கதைதான்!

ஹாப்ஸ் என்பது ஒரு கொடி. பக்கத்து ஊரான போப்பரிங்கே இதற்குப் பேர்போனது. பானத்துக்குக் கசப்பையும் மணத்தையும் தருவது இதன் பச்சை நிறப் பூங்குலைதான். அதுவும் பெண் கொடியின் குலை மட்டுமே. பானத்தைக் கெடாமல் காக்கும் குணம் இதற்கு உண்டு என்று 12-ம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தவரும் ஒரு பெண்தான்: ஜெர்மனியைச் சேர்ந்த ஹில்டகார்ட் என்ற கன்னிமடத் தலைவி. அந்தக் காலத்து ஐரோப்பாவில் பீர் காய்ச்சுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலையாகத்தான் இருந்தது.

பச்சை, நீலம், மஞ்சள்

இனி மூன்றையும் ஒப்பிடலாம். 1945 முதல் பல பத்தாண்டுகள் இந்தப் புட்டிகளில் லேபிளே ஒட்டியதில்லை. மூடியின் நிறத்தைப் பார்த்துத்தான் இன்னது என்று அடையாளம் காண வேண்டும்.

பச்சை மூடிக்கு 'ப்ளான்ட்' என்று பெயர். மூன்றில் இதுதான் கடைக்குட்டி, 1999-ல் பிறந்தது. ஆல்கஹால் 5.8 சதவீதம். இளம் பொன்னிறம், வெள்ளை நுரை, பூ வாசனையோடு நாக்கைத் தட்டி எழுப்பும் கசப்பு. ஹாப்ஸின் மணம் நாளாக ஆக மங்கிவிடும் என்பதால் புதிதாக இருக்கும்போதே இதற்கு ருசி.

நீல மூடி 'எட்டு'. ஆல்கஹாலும் 8 சதவீதம். நல்ல பழுப்பு நிறம். இந்த நிறம் பெரும்பாலும் தானியத்திலிருந்து வருவதல்ல. கருகப் பாகாக்கிய சர்க்கரை தருவது. உலர்ந்த பழங்களின் இனிப்பும், அதை அடக்கி வைக்கும் கசப்பும் சரிபாதி.

மஞ்சள் மூடி 'பன்னிரண்டு'. ஆல்கஹால் 10.2 சதவீதம். பன்னிரண்டு என்பது போதையின் அளவல்ல. காய்ச்சும் சாற்றின் கெட்டித்தன்மையைக் குறித்த பழைய பெல்ஜியக் கணக்கின் மிச்சம். காய்ந்த திராட்சை, பேரீச்சை, கருப்பட்டிப் பாகு எல்லாம் கலந்தாற்போன்ற மணம். புட்டியில் அடைத்த பிறகும் உள்ளே ஈஸ்ட் வேலை செய்துகொண்டே இருக்கும். அதனால் அடியில் வண்டல் தங்கும். வருஷக்கணக்கில் வைத்திருந்தால் முரட்டுத்தனம் அடங்கிச் சுவை முதிரும். நம் வீட்டுப் பழைய நார்த்தங்காய் ஊறுகாயை நினைத்துக்கொள்ளுங்கள்!

எது உயர்த்தி? ருசி பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்களிடம் கேட்டால் பலரும் மஞ்சளைக் காட்டுவார்கள். நிதானமாக யோசிக்கிற சிலர், "எட்டுத்தான் அளவாக அமைந்தது" என்பார்கள். பச்சை ரசம் மாதிரி. தினசரிச் சாப்பாட்டுக்கு ஏற்றது. மஞ்சள் பாயசம் மாதிரி. பேர் அதற்குத்தான், ஆனால் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட முடியுமா?

வாசலில் வந்த லட்சுமி

2005-ம் வருஷம் வந்தது சோதனை. இணையத்தில் பீர் ரசிகர்கள் நடத்திய தேர்வில், 'பன்னிரண்டு' உலகத்திலேயே சிறந்தது என்று முடிவாயிற்று. பத்திரிகைகள் எழுதின. சின்ன கிராமத்துச் சாலையில் கார்கள் வரிசை கட்டி நின்றன. கையிருப்பு தீர்ந்தது.

வேறு யாராவதாக இருந்தால் மறுநாளே பெரிய ஆலைக்கு அஸ்திவாரம் போட்டிருப்பார்கள். துறவிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? கதவைச் சாத்தி, "தீர்ந்துவிட்டது, அடுத்த காய்ச்சலுக்கு வாருங்கள்" என்றார்கள்! வருஷத்துக்குச் சுமார் 5 லட்சம் லிட்டர் என்று அன்று இருந்த அளவைப் பேருக்காகக் கூட்ட அவர்கள் இசையவில்லை. வாழ்வதற்காகத்தான் காய்ச்சுகிறோம், காய்ச்சுவதற்காக வாழவில்லை என்பது அவர்கள் கட்சி.

வாங்குகிறவர்கள் தொலைபேசியில் முன்கூட்டிச் சொல்லி, கார் நம்பரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஒருவருக்கு இவ்வளவுதான் என்று கணக்கு. வாங்கியதை மறுபடி விற்கக் கூடாது என்று நிபந்தனை. அதையும் மீறிப் பலர் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். அந்த விலைக்குத் தங்கள் விலையை மடத்தார் ஏற்றிவிடவில்லை. எல்லோருக்கும் முறை கிடைக்கட்டும் என்று 2019-ல் பதிவை இணையத்துக்கு மாற்றினார்கள்.

அவர்களுக்குப் பணமே தேவைப்படவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். மடத்துக் கட்டடம் பழசாகிப் புதுப்பிக்க வேண்டிவந்தது. அதற்காக ஒரு தனிக் காய்ச்சல் போட்டு, ஆறு புட்டியும் இரண்டு கோப்பையும் அடங்கிய பெட்டிகளை 2011-ல் பெல்ஜியத்திலும், 2012-ல் அமெரிக்கா முதலிய தேசங்களிலும் விற்றார்கள். வெளிநாட்டுக் கடைகளில் பெட்டிகள் வந்த வேகத்தில் பறந்தன. இந்த ருசி கண்ட பிறகு யாருக்குத்தான் மனசு வரும் நிறுத்த? அவர்கள் நிறுத்தினார்கள். கட்டடத்துக்கு வேண்டியது கிடைத்தது. பழைய வழக்கத்துக்குத் திரும்பினார்கள்.

மூன்று மூடிகளில் எது உயர்த்தி என்று கேட்டோம் அல்லவா? மூன்றையும்விட உயர்ந்தது அவர்கள் சொன்ன 'போதும்' என்ற வார்த்தைதான். இலைக்கு மேல் கையை மறித்துப் 'போதும்' என்று சொல்வது சுலபம். வயிறு நிறைந்தால் யாரும் சொல்வார்கள். கரண்டி நம் கையிலேயே இருக்கும்போது சொல்வதுதான் கஷ்டம். அடுத்த தடவை கடைவீதியில் ஒன்றுக்கு இரண்டாக வாங்கக் கை நீளும்போது, அந்தக் கிராமத்துத் துறவிகளைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்களேன்!