பாக்கெட் புயலும் ஸ்விட்ச் போர்ட்டின் காவலும்

நம் சங்க விழாக்களில் மைக் 'கூய்ங்' என்று அலறுவதைக் கேட்காதவர் இருக்க முடியாது. ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் மறுபடி மைக்குக்குள் புகுந்து, பெருகி, மறுபடி ஸ்பீக்கருக்கே வருகிறது. பேச்சாளர் வாயை மூடிக்கொண்டாலும் அலறல் நிற்பதில்லை. கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிலும் இதே கூத்து உண்டு. அதற்குப் பாக்கெட் புயல் என்று பெயர்.

நான் முதன்முதலாக அதைப் பார்த்தது 2007-இல், தில்லியில் ஓர் ஆஸ்பத்திரியில். பதிவுக் கவுன்டர் உறைந்து நின்றது. லேப் ரிப்போர்ட் வார்டுக்குப் போகவில்லை. மாடி மாடியாக மூன்று மணி நேரம் அலைந்தபின் காரணம் கிடைத்தது. ஒரு மேஜைக்கு அடியில் ஐந்து போர்ட் உள்ள சின்ன ஸ்விட்ச். அதிலிருந்து ஒரு கேபிள் முனை கீழே தொங்கிக்கொண்டிருக்க, பெருக்க வந்த யாரோ, பாவம், நல்லெண்ணத்தோடு அதைக் காலியான துளையில் செருகிவிட்டார்கள். மறுமுனையும் அதே பெட்டியில்தான் இருந்தது!

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஏன் ஆஸ்பத்திரியே நிற்க வேண்டும்? பிராட்காஸ்ட் என்பது ஒரு தண்டோரா. "இந்த முகவரிக்காரர் யார்?" என்று ஒரு கணினி கேட்டால், ஸ்விட்ச் அந்தக் கேள்வியை, அது வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பும். லூப் இருந்தால் அனுப்பியதே திரும்பி வரும், மறுபடி அனுப்பும். ஐபி பாக்கெட்டுக்காவது ஆயுள் எண்ணிக்கை உண்டு. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறைந்து, பூஜ்யமானால் பாக்கெட் செத்துப்போகும். ஈதர்நெட் சட்டகத்துக்கு அப்படி ஒன்றும் கிடையாது. 64 பைட் அளவுள்ள மிகச் சிறிய சட்டகங்கள் ஒரு கிகாபிட் இணைப்பில் விநாடிக்கு 14,88,095 வரை ஓட முடியும். ஒவ்வொரு தண்டோராவுக்கும் ஒவ்வொரு கணினியும் கையிலுள்ள வேலையை விட்டுக் காது கொடுத்தாக வேண்டும்.

லூப் வராமல் தடுக்க ஸ்பானிங் ட்ரீ என்ற ஏற்பாடு உண்டு. ரேடியா பெர்ல்மன் என்ற அம்மையார் 1985-இல் வகுத்தது. ஸ்விட்ச்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பி, அதிகப்படியான வழியை அடைத்துவிடும். ஆனால் மேஜைக்கடியில் கிடக்கும் மலிவுப் பெட்டிக்கு அது தெரியாது. சில பெட்டிகள் அந்தச் செய்தியையே விழுங்கிவிடும். பெரிய இடங்களிலும் அது காலை வாரியிருக்கிறது. 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டனில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் ஸ்பானிங் ட்ரீ குலைந்து, சுமார் நான்கு நாள் காகிதத்தை வைத்தே காரியம் நடந்தது. அங்கு தகவல் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த ஜான் ஹலம்கா நடந்ததை ஒளிக்காமல் வெளியில் சொன்னார். அதை நான் பெரிய குணமாகவே நினைக்கிறேன்.

அடுத்த காவல்தான் ஸ்டார்ம் கன்ட்ரோல். ஒரு போர்ட் வழியாக உள்ளே வரும் பிராட்காஸ்ட் முதலியவற்றை ஸ்விட்ச் அளந்துகொண்டே இருக்கும். நாம் வைத்த வரம்பைத் தாண்டினால் மிச்சத்தைக் கீழே போட்டுவிடும். சொல்லிவைத்தால் போர்ட்டையே மூடிவிடும். சிஸ்கோ ஸ்விட்ச்களில் இது தானாக இயங்காது. நாம்தான் போட வேண்டும்.

வரம்பைச் சதவீதத்தில் கொடுப்பது பலர் வழக்கம். அதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. கிகாபிட் போர்ட்டில் ஒரு சதவீதம் என்பது கேட்க அற்பமாக இருக்கும். சின்னப் பாக்கெட்டாக எண்ணினால் விநாடிக்கு 14,880 ஆகிவிடும்! ஆகவே வசதி இருக்கும் இடத்தில் பாக்கெட் எண்ணிக்கையிலேயே கொடுப்பது மேல்.

இதெல்லாம் தெரிந்தவன்தான் நானும். புயல் அடங்கிய மறுநாளே, எதையும் அளந்து பார்க்காமல், எல்லாப் போர்ட்டிலும் வரம்பு 100, தாண்டினால் மூடு என்று போட்டேன். மாடிகளை இணைக்கும் அப்லிங்க்கிலும் அதேதான். மூன்று வாரம் கழித்துக் காலையில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுத்துக்கொள்வதற்குள் இருநூறு கணினிகள் அணைந்துவிட்டன. பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் எழுந்து, முகவரி கொடு, முகவரி கொடு என்று கத்தின. அப்லிங்க் தன்னைத்தானே மூடிக்கொண்டது. அவசரச் சிகிச்சைத் தளமே துண்டாகிவிட்டது. புயலே இல்லை; புயல்காவல்தான் ஆளைக் கவிழ்த்தது. வழி அறுந்துவிட்டதால் என் மேஜையிலிருந்து திறக்கவும் முடியவில்லை. கன்சோல் கேபிளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் ஓடினேன். அங்கிருந்த மலையாளி சிஸ்டர், "சாரே, புயல் வந்தாலும் பரவாயில்ல, நெட் வந்தா போதும்" என்றார். எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை.

அதன்பின் ஒரு வாரம், காலைக் கூட்ட நேரம் உட்பட, ஒவ்வொரு போர்ட்டின் கணக்கையும் குறித்தேன். சாதாரண மேஜைக் கணினி விநாடிக்கு ஒன்றிரண்டு பிராட்காஸ்ட் அனுப்பினாலே அதிகம். ஆகவே மேஜைப் போர்ட்டுகளில் 200 என்று வைத்து, தாண்டினால் மூடு, ஐந்து நிமிடம் கழித்துத் தானே திற என்று போட்டேன். அப்லிங்க்கில் மூடுவது அறவே கிடையாது. பல மடங்கு உயர்ந்த வரம்பு. தாண்டினால் மிச்சத்தைக் கழித்துவிட்டு எனக்குச் செய்தி அனுப்பினால் போதும். கழிக்க ஆரம்பிக்கும் அளவும் நிறுத்தும் அளவும் வேறுவேறாக இருக்கட்டும். இரண்டும் ஒன்றானால், எல்லையில் நின்றுகொண்டு திறப்பதும் மூடுவதுமாக ஊசலாடும். மல்டிகாஸ்டில் இன்னும் நிதானம் தேவை. ஐபி ஆறாம் பதிப்பு பக்கத்து வீட்டுக்காரரைத் தேடுவதே அதன் வழியாகத்தான். சில பழைய மாடல்களில் மல்டிகாஸ்ட் வரம்பு தாண்டினால் மற்றப் போக்குவரத்தும் சேர்ந்து நின்றுவிடும்.

இத்தனை செய்தாலும் லூப் அங்கேயேதான் இருக்கும். யாராவது போய்க் கேபிளைப் பிடுங்க வேண்டும். எந்தப் போர்ட் என்று ஸ்விட்ச் பதிவேடு சொல்லிவிடும். அந்தப் போர்ட் எந்த அறையின் எந்தச் சாக்கெட் என்று சொல்லச் சுவரில் எண் இருக்க வேண்டுமே! அந்த ஆஸ்பத்திரியில் இல்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒட்டினேன்.