கப்பலேறுமுன் ஒரு நாள்

திருத்தூதர் பணிகள் நூலின் 21ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு காட்சி உண்டு. பவுலடியார் தீர் நகரில் ஏழு நாள் தங்கிவிட்டுப் புறப்படுகிறார். அவ்வூர்ச் சீடர்கள் மனைவி மக்களோடு கடற்கரைவரை வந்து, முழந்தாளிட்டு மன்றாடி, அவரைக் கப்பலேற்றி அனுப்புகின்றனர். பிள்ளைகளும் உடன் வந்ததை லூக்கா குறிக்கத் தவறவில்லை.

அத்தகைய வழியனுப்புதல் நம் குடாநாட்டுக்கும் மீண்டு வந்துள்ளது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து உல்லாசக் கப்பல் ஒன்று காங்கேசன்துறைக்கு வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் சேவை தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடியும் ஆரம்பமாயிற்று. ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். ரொறன்ரோவிலிருந்தும் பாரிசிலிருந்தும் வரும் நம் உறவினர் வேளாங்கண்ணி அன்னையைத் தரிசிக்க இவ்வழியே செல்லலாம். அப்படிச் செல்பவர்களின் கடைசி நாளை நீங்கள் எவ்வாறு கழிப்பீர்கள்?

நல்லூர், பொது நூலகம், கோட்டை, ஐஸ்கிறீம், பிறகு சந்தையில் பனங்கட்டியும் ஒடியலும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐஸ்கிறீம் இல்லாமல் பிள்ளைகள் விடமாட்டார்கள்! ஆனால் கோட்டை மதிலில் நின்று படம் எடுக்கும் பிள்ளைக்கு, 1658இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றிய பின் நம் முன்னோருக்குத் திருப்பலியும் குருக்களும் மறுக்கப்பட்டதை யார் சொல்வார்? 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் வேடத்தில், கழுத்தில் செபமாலையோடு இங்கு வந்தார். செபமாலையைக் கண்டு முகம் மலர்பவர் எவரோ அவரே கத்தோலிக்கர் என அறிந்துகொண்டார். அவருக்கு அடைக்கலம் தந்த ஊர் நமது சில்லாலை. 2015 ஜனவரி 14ஆம் நாள் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். கோட்டையைப் பார்த்தவர்கள் சில்லாலையையும் பார்க்கட்டும்.

வழியில் நவாலி இருக்கிறது. "பிள்ளைகளை ஏன் அழவைப்பான்?" என்று பலர் அதைத் தவிர்க்கின்றனர். அவர்களது அன்பு எனக்குப் புரிகிறது. ஆயினும் உடன்பட இயலவில்லை. 1995 ஜூலை 9ஆம் நாள், இராணுவ நடவடிக்கையால் இடம்பெயர்ந்த மக்கள் நவாலி புனித பேதுரு ஆலயத்திலும் அதன் சூழலிலும் தஞ்சமடைந்திருந்தபோது விமானக் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் சிறுவரும் இருந்தனர். வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகளுள் பலர் இங்கு பிறவாமற் போனதற்கு அந்த ஆண்டுகளே காரணம். தம் பெற்றோர் ஏன் ஊரைவிட்டுப் போயினர் என்பதை இணையத்தில் படித்தறிவதைவிட, ஆலய வாசலில் உங்கள் வாயால் கேட்பது நல்லதல்லவா? பத்து வயதுப் பிள்ளைக்கு எல்லாவற்றையும் விவரிக்க வேண்டாம். ஒரு மெழுகுதிரி ஏற்றி, நடந்ததை இரண்டு வாக்கியங்களில் சொன்னால் போதும். மேலும் அறிய விரும்பினால் பிள்ளையே கேட்கும்.

மானிப்பாய் வழியாக நவாலி, அங்கிருந்து பண்டத்தரிப்பு, சில்லாலை. இவற்றுக்கு அரைநாள் போதும். மாலையில் சந்தைக்கும் நேரம் இருக்கும். வாகனத்தில் ஓர் இருக்கையை அம்மம்மாவுக்கு ஒதுக்குங்கள். 1995 அக்டோபர் 30 இரவு, மழையில், எந்தப் பாதையால் நடந்து சென்றார் என்பதை அவரே பேரப்பிள்ளைகளுக்குக் காட்டட்டும்.