ஒரு கோழியும் பதினொரு கோப்பையும்

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது, என் அம்மா இரண்டு பேட்டுக் கோழிகளைக் கடகத்துக்குள் வைத்து மூடிக் கட்டிக்கொண்டு வந்தார். நாவற்குழிப் பாலத்தில் சனம் நெரிந்து நின்றது. மழையும் பெய்தது. ஒரு கோழி வழியிலேயே செத்துப்போனது. மற்றது, தென்மராட்சியில் நாங்கள் ஒதுங்கியிருந்த பள்ளிக்கூட வளவில் சில கிழமைகள் முட்டையிட்டது. முட்டை நின்றதும் அம்மா அதைச் சமைத்தார்.

நாங்கள் பதினொரு பேர். இருந்ததோ அந்தக் கிழட்டுக் கோழியும் நிவாரணக் கோதுமை மாவும்தான். சாறு கொதித்து வர, அம்மா மாவைக் குழைத்துக் கிள்ளிக் கிள்ளிப் போட்டார். பதினொரு பேரும் வயிறாறச் சாப்பிட்டோம்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் இப்படியொரு சமையல் உண்டு என்பதைப் பின்னாளில் அறிந்தேன். அங்கும் முட்டையிட்டு ஓய்ந்த கோழியையும் மாவையும் கொண்டு ஏழைக் குடும்பங்கள் பசியாறியிருக்கின்றன.

சகோதரிகளே, செய்முறை இதுதான். முற்றிய கோழி ஒன்றைத் துண்டுகளாக வெட்டிக் கழுவுங்கள். வெங்காயம், உள்ளி, இஞ்சி, மிளகு, சீரகம், மஞ்சள், ரம்பை சேர்த்து, இரண்டரை லீற்றர் தண்ணீர் விட்டு, மெல்லிய நெருப்பில் இரண்டு மணித்தியாலம் வரை அவியவிடுங்கள். அவசரப்பட்டால் இறைச்சி இறப்பர் போலாகிவிடும். வெந்ததும் எலும்பை நீக்கி, சதையைப் பிய்த்துச் சாற்றிலேயே போட்டு உப்பிடுங்கள்.

இரண்டு கோப்பை கோதுமை மாவுக்கு இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் சேர்த்துப் பிசறி, முக்கால் கோப்பை அளவு தண்ணீர் விட்டு இளக்கமாகக் குழையுங்கள். அதிகம் பிசைந்தால் உருண்டை கல்லாகிவிடும். கொதிக்கும் சாற்றில் கரண்டியால் எடுத்துப் போட்டு, நெருப்பைக் குறைத்து மூடிவிடுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு மூடியைத் திறக்க வேண்டாம். உருண்டையின் மேற்புறம் ஆவியில்தான் வேகும். பிறகு ஒன்றைப் பிய்த்துப் பாருங்கள். உள்ளே பச்சை மா இருந்தால் இன்னும் சிறிது நேரம் விடுங்கள். பேக்கிங் பவுடர் இல்லாதவர்கள் மாவை இறுக்கமாகக் குழைத்து, மெல்லிதாகத் தட்டி, கீலம் கீலமாக வெட்டிப் போடலாம். இறக்கும்போது அரைக் கோப்பை தேங்காய்ப்பாலும், இறக்கியபின் தேசிப்புளியும் விடுங்கள்.

2009இல் கணவரை இழந்தேன். முகாமில் இருந்து, 2010இல் கிளிநொச்சியில் மீளக்குடியமர்ந்து, ஆறு கோழிகளோடு சீவியத்தைத் தொடங்கினேன். முட்டை விற்றே இரண்டு பிள்ளைகளையும் படிப்பித்தேன். 2022இல் மாவின் விலை ஏறியபோது, முட்டை நின்ற கோழி ஒன்றை அம்மாவின் முறையில் சமைத்தேன். பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, வழமைபோல நான் சாற்றை ஊற்றிக்கொண்டேன். மகள் என் கோப்பையை எட்டிப் பார்த்தாள்.

“அம்மா, உங்கட கோப்பையில இறைச்சி எங்க?”

“எனக்குச் சாறு காணும் பிள்ளை.”

“அம்மம்மாவும் உப்பிடித்தான் சொன்னவ எண்டு நீங்கதானே சொன்னனீங்கள்!”

எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் பதினொரு கோப்பை நிரப்பிய அம்மா, தன் கோப்பையில் ஒரு துண்டும் போடவில்லை. அதை அன்று நான் கண்டும் கேட்கவில்லை. என் மகள் கேட்டாள்.

நம்மில் பலர் தலைச்சுற்றோடும் களைப்போடும் வேலை செய்கிறோம். இரத்தச்சோகையும் அதற்கொரு காரணமாக இருக்கலாம். இறைச்சியில் புரதமும் இரும்புச்சத்தும் உண்டு. தேசிப்புளி உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர உதவும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அது குறையும். ஆகவே தேநீரைச் சற்றுப் பிந்திக் குடியுங்கள். களைப்பு நீங்காவிட்டால் வைத்தியசாலையில் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் முதலில் நிரம்புவது என் கோப்பை. மகள்தான் போடுகிறாள். நீங்களும் பங்கிடும்போது உங்களையும் ஒரு ஆளாகக் கணக்கெடுத்துக்கொள்ளுங்கள்.