அருந்ததி தெரிகிறதா?

சென்ற வருஷம் வைகாசியில் ஒரு கல்யாணம். பகல் பத்தரை மணி. தாலி கட்டி, அம்மி மிதித்தாயிற்று. மணமக்களை வாசலுக்கு அழைத்து வந்த சாஸ்திரிகள் வடக்கே கையைக் காட்டி, "அருந்ததி தெரிகிறதா, குழந்தே?" என்று கேட்டார். கொளுத்தும் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "தெரிகிறது, மாமா" என்றாள் மணப்பெண்.

இல்லறத்தில் காலடி வைத்ததும் சொல்கிற முதல் பொய்! பாவம், அவள்மேல் குற்றமில்லை. இரவில் செய்ய வேண்டிய சடங்கை நாம்தான் முகூர்த்தத்தோடு சேர்த்துப் பகலிலேயே முடித்துவிடுகிறோம்.

வைகாசி மாதம் இரவு ஒன்பது மணிக்கு மொட்டை மாடியில் நின்று வடக்கே பாருங்கள். கவிழ்த்து வைத்த அகப்பை போல் சப்தரிஷி மண்டலம் தெரியும். அகப்பைப் பிடியின் நுனியிலிருந்து இரண்டாவது நட்சத்திரம் வசிஷ்டர். அவரை ஒட்டினாற்போல் மங்கலாக ஒரு புள்ளி, அவள்தான் அருந்ததி. சங்கப் புலவர்கள் 'வடமீன்' என்று போற்றியது இவளைத்தான். கண்ணகியின் கற்புக்கு இளங்கோவடிகள் சொன்ன உவமையும் இவளே.

வான நூலார் சொல்லும் கதை இன்னும் சுவையானது. இருவரும் இருப்பது சுமார் 80 ஒளி ஆண்டுத் தொலைவில். வசிஷ்டர் ஒருவரல்ல, நான்கு நட்சத்திரங்கள்! அருந்ததிக்கும் ஒரு துணை உண்டென்று 2009-ல் கண்டுபிடித்தார்கள். ஆக, ஆறு பேர் கொண்ட கூட்டுக் குடும்பம். எல்லோரும் ஒரே திசையில் சேர்ந்தே பயணம் செய்கிறார்கள்.

அன்றிரவு மாடியில் இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, மணப்பெண்ணின் பாட்டி மட்டும் தலை நிமிரவேயில்லை. "எனக்கு இரண்டு வருஷமாய் அருந்ததி தெரியவில்லையம்மா. யாரிடமும் சொல்லாதே" என்றாள் மெல்ல.

அருந்ததி கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஆயுள் முடிந்தது என்பது பழைய நம்பிக்கை. சுசுருத சம்ஹிதையிலேயே அப்படி இருக்கிறது. அராபியர்களோ இதே நட்சத்திரத்தைக் கொண்டு கண் பார்வையைச் சோதித்தார்களாம். "பாட்டி, இது யமன் விஷயமல்ல, கண் டாக்டர் விஷயம்" என்றேன். நினைத்தபடியே, கண்ணில் புரை!

ஆபரேஷன் ஆயிற்று. இந்த வைகாசியில் அதே மாடி. பாட்டி வெகுநேரம் பார்த்தாள். "அதோ, வசிஷ்டர் பக்கத்திலேயே இருக்கிறாளே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பேத்தி அவள் காதருகே குனிந்து, "எனக்கும் இன்றைக்குத்தான் தெரிந்தது, பாட்டி" என்றாள்.